நான் சொல்லாத அறிவித்தல்

தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்து இரண்டு மாதம் கழிந்திருந்த ஒரு பின்னேரம், என்னுடைய குரல் எங்கள் வீதியால் போனது.

நான் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தேன். மனைவி குசினியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். முதலில் பிரதான வீதிப் பக்கம் ஏதோ ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. அது எங்கள் ஒழுங்கை முனைக்கு வந்ததும், பெருநாளைக்கான துணிக்கடை விளம்பரம் என்று விளங்கியது. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்ததும், கதைப்பது நான்தான் என்று விளங்கியது. பழைய நான். தொண்டையில் கட்டி வருவதற்கு முந்திய நான்.

மாப் படிந்த கைகளோடு மனைவி ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு கேற்றைப் பார்த்தாள். என் வாய் மூடியிருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ எங்கள் வீட்டைக் கடந்து, பள்ளிவாசல் மூலையில் திரும்பும்வரை அசையாமல் நின்றாள்.

"மச்சான், நீங்க எப்ப இதக் கதைச்ச?"

மேசையில் கிடந்த கொப்பியை எடுத்து, 'நான் கதைக்கல்ல' என்று எழுதிக் காட்டினேன். அந்த நாட்களில் எனக்குக் கொப்பிதான் வாய். அவள் அதை வாசித்தாள். பிறகு நிலத்திலேயே இருந்துவிட்டாள். கோபத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அது இல்லை. "ரெண்டு மாசமாச்சு இந்தக் குரலக் கேட்டு" என்றாள். நான் அவளுக்கு எதிரில் இருக்கிறேன், அவள் வீதியைப் பார்த்து அழுகிறாள்.

நான் இருபத்திரண்டு வருடமாக அறிவிப்பாளன். வானொலியில் அல்ல, வீதியில். ஓட்டோக் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, பின் சீற்றில் மைக்கோடு இருந்து, கல்முனையிலிருந்து இரண்டு பக்கமும் போவேன். கடைத் திறப்பு, மலிவு விற்பனை, இரத்ததான முகாம், நீர்வெட்டு, விதைப்புக்கு முந்திய விவசாயிகள் கூட்டம், சன நெரிசலில் தொலைந்துபோன பிள்ளை என்று எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது இந்தத் தொண்டைதான். பிந்திய வருடங்களில் வீட்டிலேயே ஓர் அறையின் சுவரில் மெத்தையைச் சாத்தி வைத்து, அங்கே பதிவுசெய்து பென்ட்ரைவில் கொடுக்கவும் தொடங்கியிருந்தேன்.

குரல் நல்லது என்று சனம் சொல்லும். ஆனால் நான் பெருமைப்பட்டது குரலுக்காக அல்ல, வசனத்துக்காக. வசனம் முழுக்க நானே எழுதுவேன். நாவிதன்வெளிப் பக்கம் போனால் வயலுக்குள் நிற்கிறவருக்குப் பாதிச் சொல்லைக் காற்றுக் கொண்டுபோய்விடும். ஆகவே முக்கியமான சொல்லை இரண்டு இடத்தில் வைத்து, இடையில் மூச்சு விட்டுச் சொல்வேன். கல்முனை பஸ் நிலையத்தில் அப்படி இழுத்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே நாலு சொல்லில் முடிக்க வேண்டும்.

என் ஓட்டோக்காரர் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழர். அவருடைய அண்ணன்மார் மூவரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும், அதனால் ஓட்டோ எடுத்தார். அவருடைய ஊர் வீதியால் காலையில் போகும்போது சத்தத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்வார். இரவு முழுக்கக் கடலில் நின்றவர்கள் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்கள். நான் குறைப்பேன். கேட்கிறவர் யார், அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று தெரியாமல் வசனம் எழுத முடியாது என்பதை நான் இப்படித்தான் பிடித்துக்கொண்டேன்.

துணிக்கடை ஹாஜியாருக்கு நான் எழுதிக் கொடுத்த பெருநாள் வசனம் ஒன்று ஊரில் பிரபலம். 'பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தாச்சா?' என்று கேட்டுவிட்டு, ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பேன். பிறகு, தாழ்ந்த குரலில், 'உங்களுக்கு?' என்பேன். பிள்ளைகளுக்கு எடுத்துவிட்டுத் தங்களை மறந்துவிடும் தாய் தகப்பன்மார் எங்கள் ஊரில் நிறையப் பேர். அந்த ஒரு சொல் அவர்களைத் தொட்டது. வீதியில் என்னைக் காண்கிற தம்பிமார், "என்ன காக்கா, உங்களுக்கு?" என்று பகிடி பண்ணுவார்கள்.

கட்டி புற்றுநோய் இல்லை என்று வைத்தியர் சொன்ன அன்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லித் தொழுதேன். வெட்டி எடுத்தார்கள். ஒரு மாதம் வாய் திறக்கக்கூடாது, பிறகு என்ன குரல் வருகிறதோ அதுதான் குரல் என்றார்கள். ஒரு மாதம் கழித்து வாய் திறந்தேன். காய்ந்த ஓலையை நிலத்தில் இழுத்தாற்போல ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகும் கொப்பியிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். கதைக்கக் கொஞ்சம் ஏலும். எனக்குத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்க விருப்பமில்லை.

அன்று பின்னேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு என் குரலைத் தேடிப் போனேன். கடற்கரை வீதியில் ஒரு வாகை மரத்தடியில் ஓட்டோ நின்றது. ஓட்டியவர் வேறு யாருமில்லை, என் பாண்டிருப்புக்காரர். என்னைக் கண்டதும் இறங்கி வந்து, கடையில் பென்ட்ரைவைத் தந்தார்கள், நீங்கள் நோய்க்கு முதல் பதிந்து வைத்தது என்றுதான் நினைத்தேன் என்றார். பிறகு அவரே, ஆனால் நேற்றிலிருந்து எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது என்றார். என்ன சந்தேகம் என்று கையால் கேட்டேன்.

"இது எங்கயும் மூச்சு விடுதில்ல, அண்ணன்."

சத்தத்தைக் குறைத்து, முழுவதையும் கேட்டேன். 'பேரன்புமிக்க வாடிக்கையாளப் பெருமக்களே' என்று தொடங்கியது. நான் செத்தாலும் சொல்லாத ஒரு தொடக்கம். தரமான ஆடைகள், நியாயமான விலைகள், இன்றே விஜயம் செய்யுங்கள் என்று போனது. வரிப்பத்தான்சேனையை நடுவில் முறித்து, இரண்டு ஊர் போலச் சொன்னது. 'பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தாச்சா உங்களுக்கு' என்று ஒரே இழுவையில் வாசித்தது. ஆனால் குரல் என்னுடையதுதான். 'ழ'வை நான் கொஞ்சம் அழுத்துவேன். அதுவும் அப்படியே இருந்தது. பிழை கண்டுபிடித்த சந்தோசம் ஒரு நிமிடம்தான். பிறகு, வீதியில் போகிறவர்களில் எத்தனை பேர் மூச்சையும் இடைவெளியையும் கவனிப்பார்கள் என்று யோசித்தேன். மனம் விழுந்துவிட்டது.

கடைக்குப் போனேன். ஹாஜியார் என்னைக் கண்டு எழும்பி வந்து கையைப் பிடித்தார். அவருடைய மகன் கம்பியூட்டர் படித்தவர், கொழும்பில் வேலை செய்துவிட்டு வந்து இப்போது கடையைப் பார்க்கிறார். என்னுடைய பழைய பதிவுகளை ஏஐக்குக் கொடுத்து அவர்தான் இந்தக் குரலைச் செய்திருந்தார். வசனத்தையும் அதுவே எழுதியிருந்தது. ஹாஜியார் ஒன்றையும் மறைக்கவில்லை.

"வேற ஆள்ற குரலப் போட எனக்கு மனசு வரல்ல. பெருநாள் யாவாரம், நீங்க இல்லாம எப்படி? அதுதான் மகன் இப்படி ஒண்டு செய்யலாம் எண்டு சொன்ன நேரம் ஓமெண்டன்."

அவர் கண்ணில் கள்ளம் இல்லை. எனக்கு உதவி செய்வதாகவே நினைத்திருந்தார். காசைப் பற்றியும் கதைக்கத் தொடங்கினார், நான் கையால் தடுத்தேன். அத்தனை வருடம் ஊர் முழுக்கக் கேட்கக் கதைத்தவன், அன்று அந்தக் கடைக்குள் ஒரே ஒரு சொல்லைச் சொல்வதற்கு எச்சிலை விழுங்கிவிட்டு நின்றேன்.

"கேட்டிருக்கலாம்."

என் புதிய குரலை அவர் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். முகம் சுருங்கிப் போனார். அன்றே அந்த விளம்பரத்தை நிறுத்தினார்கள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மகன் அந்தக் குரலைக் கூட்டாளி ஒருவருக்குக் கொடுத்திருந்தார், அவர் இன்னொருவருக்கு. குரல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இப்போது போனிலிருந்து போனுக்குத் தாவும் ஒரு சாமானாகிவிட்டது. ஒரு மாதம் போயிருக்கும். லுஹர் தொழுதுவிட்டு வந்தேன், கேற்றடியில் ஒரு தாய் நின்றாள். மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள். மகளுக்குப் பிள்ளை பிறந்து பதினைந்து நாள். இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் நஞ்சு கலந்திருக்கிறது, குடிக்க வேண்டாம், வடிகட்டும் இயந்திரம் வாங்குங்கள் என்று நான் அறிவித்தேனாம்.

"நாலு நாளா கிணத்துத் தண்ணி எடுக்கல்ல. தூரத்தில இருந்து சுமக்கிறன். மெஷின் வாங்க வசதி இல்ல. அந்தத் தண்ணியில புள்ளயக் குளிக்க வாக்கலாமா எண்டு உங்கள்ட்டக் கேட்டுப் போக வந்த."

கொப்பியில், 'அது நான் இல்லை' என்று எழுதிக் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் தலையாட்டினாள், நம்பவில்லை.

"உங்கட குரல் எனக்குத் தெரியாதா? கடற்கரைப் பள்ளிக் கொடியேத்தத்தில, அந்தச் சனத்துக்குள்ள என்ட மகன் துலைஞ்ச நேரம், நீங்கதானே கூப்பிட்டு எடுத்துத் தந்த."

எனக்கு அந்தப் பிள்ளை ஞாபகம் இல்லை. அப்படி எத்தனையோ பிள்ளைகளை மைக்கில் கூப்பிட்டிருக்கிறேன். அவளுக்கோ அந்தக் குரல் மகனைக் கொண்டுவந்து தந்த குரல், அது பொய் சொல்லாது. கொப்பியைக் கீழே வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராத்தா, என்ட குரல் இதுதான்" என்றேன். அவள் ஓர் அடி பின்னுக்குப் போனாள். அழத் தொடங்கிவிட்டாள். நீங்கள் நோயில் கிடந்தது தெரியாமல் வந்துவிட்டேன் என்று அவளே என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அதுவரை எனக்கு என் தொழில் போன கவலைதான். அன்றுதான் பயம் வந்தது. குரலையும் வசனத்தையும் விடப் பெரிய ஒன்றை இந்தச் சனம் என்னிடம் தந்து வைத்திருக்கிறது, அதை யாரோ எடுத்து விற்கிறான் என்று விளங்கியது. அந்த இயந்திரங்களை விற்றவன் யார் என்று தேடினோம். வெளியூர்க்காரன், போய்விட்டான். கடைசிவரை அகப்படவில்லை.

பாண்டிருப்புக்காரருக்கு ஆளனுப்பினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஓட்டோ வந்தது. கூரையில் என்னுடைய பழைய ஒலிபெருக்கிகள். நான் ஏறியதும் மனைவியும் ஏறினாள். கையில் கொத்தமல்லி அவித்த தண்ணீர் போத்தல். திருமணம் முடித்து இத்தனை வருடத்தில் அறிவித்தல் ஓட்டோவில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. வைத்தியர் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் கதைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார், அதைக் கவனிக்கத்தான் வருகிறேன் என்றாள்.

முதல் வீதியில் மைக்கை வாயருகே வைத்தேன். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை, மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். பிறகு சொன்னேன்.

"நான்தான் கதைக்கிறன். என்ட குரல் இப்ப இப்படித்தான். கிணத்துத் தண்ணியப் பத்தி என்ட பழைய குரல்ல வந்த அறிவித்தல், நான் சொன்னதில்ல. அது மெஷின் செஞ்ச குரல். தண்ணியில சந்தேகம் இருந்தா சுகாதாரப் பரிசோதகர்ட்டக் கேளுங்க."

ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம் இன்னும் மோசமாக இருந்தது. சனம் கேற்றுக்கு வந்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு சலூன்காரர் சவரக்கத்தியோடு வர, அரைவாசி முகம் வழித்தவரும் கூடவே வந்து நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு வீதி முடிந்ததும் மனைவி போத்தலை நீட்டுவாள். குடித்துவிட்டு அடுத்த வீதி.

மருதமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது தொண்டை அடைத்துவிட்டது. 'நான்தான்' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூன்று முறை முயன்றேன். ஓட்டோக்காரர் ஓரமாக நிறுத்தினார். நெசவுக்காரர் வீதி அது, தறிச் சத்தம் மட்டும் கேட்டது. நாளைக்கு வருவோம் என்று கைகாட்டினேன். மனைவி நான் அறிவித்தலை எழுதி வைத்திருந்த கொப்பியை எடுத்து மடியில் விரித்தாள், முக்காட்டைச் சரிசெய்தாள், என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"அவருக்குக் கதைக்க ஏலாமப் போயிட்டு. நான் அவர்ர பொஞ்சாதி. அவர் எழுதினத வாசிக்கிறன்" என்றாள்.

வாசித்தாள். எழுத்துத் தடக்கினால் திரும்ப வாசித்தாள். என்னைப் போல ஏற்ற இறக்கம் இல்லை, குசினியிலிருந்து என்னைக் கூப்பிடும் அதே குரல். மூன்று வீதி அவளே வாசித்தாள். அந்தத் தாயின் வீடு எந்த ஒழுங்கையில் என்று எங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் கேட்க வேண்டும் என்று எல்லா ஒழுங்கைக்குள்ளும் போனோம். பின்னேரம் பள்ளிவாசலில் ஒருவர், பெண்பிள்ளையை மைக்கில் கதைக்க விட்டது சரியா என்று என்னிடம் கேட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். "நான் பொய்யா சொன்ன?" என்றாள். அவ்வளவுதான். ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து ஹாஜியாரின் மகன் தனியாக வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் இருக்கச் சொன்னோம், இருக்காமல் நின்றார். யார் யாருக்குக் கொடுத்தேனோ அவர்களிடமெல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டேன், ஆனால் அழித்தார்களா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அவரைத் திட்ட நினைத்து வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வரவில்லை. அவரும் என் குரலைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். அது நின்றுபோகக்கூடாது என்று நினைத்ததும் உண்மைதான்.

பிறகு நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கடை விளம்பரத்துக்கு அந்தக் குரல் இருக்கட்டும். ஆனால் வசனம் நான் எழுதியது மட்டும்தான். எங்கே மூச்சு, எங்கே இடைவெளி என்று நான் சொல்ல, அவர் கம்பியூட்டரில் திருத்துவார். தொடக்கத்தில், இது இயந்திரம் கதைக்கும் என்னுடைய பழைய குரல் என்று ஒரு வரி வர வேண்டும். அந்த வரி வந்தால் யாவாரம் குறையும் என்று ஹாஜியார் பயந்தார். குறையவில்லை. பிள்ளைகள் அந்த வரியையும் சேர்த்துச் சொல்லி விளையாடுகிறார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். முன்பு எனக்கு வந்த வேலையில் கால்வாசிகூட இப்போது வருவதில்லை. அநேகமான கடைகள் வசனத்தையும் குரலையும் போனிலேயே எடுத்துக்கொள்கின்றன. மீன் விற்பவரும் ரியூசன் வகுப்பு நடத்துகிறவரும் ஒரே வசனத்தில் 'விஜயம் செய்யுங்கள்' என்கிறார்கள். அக்கரைப்பற்றுப் பக்கம் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி, இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். அவளுடைய குரலுக்குள் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். சந்தித்தபோது, பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன் காக்கா, அது போதும் என்றாள். அது அவளுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் ஹாஜியாரின் மகன் எங்கள் வீட்டில் இருந்து ஒரு பதிவைத் திருத்திக்கொண்டிருந்தார். கதவடியில் மனைவி வந்து நின்றாள். திரும்பப் போடச் சொன்னாள். இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை அவர் போடப் போக, "போதும் மகன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, தேத்தண்ணி குடிக்கிறதா என்று கேட்டாள். நான் ஓம் என்றேன், ஓலைச் சத்தத்தில். இப்போதெல்லாம் வீட்டில் கொப்பியில் எழுதுவதில்லை.

மரண அறிவித்தல், வெள்ளம், தொலைந்த பிள்ளை என்று வந்தால் நானே மைக்கில் கதைக்கிறேன். போன மாரியில் தெற்கே கோமாரி என்ற கடற்கரை ஊருக்குக் கூப்பிட்டார்கள். காற்று மாறப் போகிறது, இரண்டு நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று கரை நெடுக அறிவிக்க வேண்டும். முதல் நாள் யாரோ போனில் செய்த ஒரு பதிவைப் போட்டிருக்கிறார்கள், சிலர் அதைக் கேட்டும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். போனவர்கள் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார்கள், ஆனால் ஊர் பயந்துபோயிருந்தது.

நாங்கள் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கதைக்கக் கதைக்க, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி ஓட்டோவுக்குக் கிட்ட வந்தார். சொன்னது விளங்கியதா, திரும்பச் சொல்லவா என்று கேட்டேன்.

"விளங்கிற்று. நேத்து வந்தவன் உடுப்பு விக்கிறவன் மாதிரிச் சொல்லிற்றுப் போயிற்றான். நீங்க சொல்லக்குள்ள உண்மையாவே ஏதோ வரப்போகுது போல கிடக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகிவிட்டது. அவர் போய், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வள்ளத்தை மேட்டுக்கு இழுக்கத் தொடங்கினார். ஓட்டோக்காரர், கடலைப் பார்த்தாலே தனக்கு வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு, அடுத்த மீன்வாடிப் பக்கம் திருப்பினார். நான் மைக்கைத் துடைத்து மறுபடி எடுத்தேன்.